எக்ஸ்பெடிஷன் 33: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் ஒரு பிரெஞ்சு வாத்தியாரின் பதில்களும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டு மாடியில் பிரெஞ்சு டியூஷன் நடத்துகிறேன். "மேசை ஏன் சார் பெண்பால்?" என்ற கேள்விக்குப் பதினைந்து ஆண்டுகளாகப் பதில் சொல்லிப் பழகியவன். 2025-இல் 'எக்ஸ்பெடிஷன் 33' என்ற இந்த வீடியோ கேம் வந்ததும் கேள்விகள் மாறிவிட்டன. "கோமாஜ் என்றால் என்ன சார்?" என்று ஒருத்தி கேட்கிறாள். "எவேக்கிடம் பதினோராவது முறையாகச் செத்துவிட்டேன் சார்" என்று கடலூரிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒருவன் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே புலம்புகிறான். சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கதையின் திருப்பங்கள் எதையும் இங்கே உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

இது என்ன கேம்? யார் செய்தது?

முழுப் பெயர் 'கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33'. தெற்குப் பிரான்சில் மோன்பெலியே நகரில் இருக்கும் சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் என்ற சிறிய நிறுவனம் செய்தது. கெப்ளர் இன்டராக்டிவ் வெளியிட்டது. யுபிசாஃப்ட் என்ற பெரிய கேம் நிறுவனத்தில் வேலை பார்த்த கியோம் ப்ரோஷ் அங்கிருந்து வெளியேறி, நண்பர்களோடு 2020-இல் தொடங்கிய நிறுவனம் இது. மையக் குழுவில் முப்பது பேர் அளவில்தான் இருந்தார்கள். வெளியிலிருந்து கைகொடுத்தவர்கள் தனி. 2025 ஏப்ரல் 24 அன்று பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், கம்ப்யூட்டர் மூன்றுக்கும் வந்தது.

வகை: கதையை முன்னால் வைத்து நடக்கும் கற்பனை உலக ரோல் பிளேயிங் கேம். சண்டை முறை வைத்து நடக்கும். நம் ஆள் ஒரு முறை, எதிரி ஒரு முறை.

கதையைக் கெடுக்காமல் கதை என்ன என்று சொல்ல முடியுமா?

முடியும், ஏனென்றால் தொடக்கமே அவ்வளவு பலமானது. லூமியேர் என்ற நகரம், பாரிஸைப் பிய்த்துக் கடலில் போட்டது போலக் கிடக்கிறது. ஈஃபில் கோபுரம் வளைந்து நெளிந்து நிற்கிறது. கடலுக்கு அப்பால் பிரம்மாண்டமான கல் ஒன்று தெரியும். அதன் அடியில் ஓவியக்காரி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஆண்டுக்கு ஒரு முறை எழுந்து, கல்லில் இருக்கும் எண்ணை அழித்து, ஒன்று குறைத்து எழுதுவாள். அந்த எண்ணின் வயதை எட்டியவர்கள் எல்லாரும் அந்த நொடியிலேயே பூவிதழ்களாகக் கரைந்து போவார்கள். இதற்குப் பெயர்தான் கோமாஜ். இப்போது அவள் எழுதப்போவது 33.

ஒவ்வோர் ஆண்டும் அவளை நிறுத்த ஒரு படை கடல் கடந்து போகும். யாரும் வெற்றியோடு திரும்பியதில்லை. நீங்கள் ஆடுவது அந்த ஆண்டுப் படை. அதில் பெரும்பாலோருக்கு மிச்சம் இருப்பது ஒரே ஓர் ஆண்டு. பதினாறு வயது மாயெல் மட்டும் இன்னும் பல ஆண்டுகள் மிச்சம் இருந்தும் விரும்பிச் சேர்ந்தவள்.

முதல் அரை மணி நேரத்தில் சண்டை குறைவு. துறைமுகத்தை நோக்கி நடக்கிறீர்கள். கரைந்து போகப்போகிறவர்கள் கழுத்தில் மாலையோடு நிற்கிறார்கள், மற்றவர்கள் விடைகொடுக்கிறார்கள். மாலையை நம் ஊரில் எப்போதெல்லாம் போடுகிறோம் என்று யோசித்துப் பார்த்தால், வழியனுப்பு விழாவா இழவு வீடா என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்தக் காட்சி நமக்கு இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தைக்கும். என் வயது 41. அந்த ஊரில் நான் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, எண் 37 ஆக இருந்தபோதே கரைந்திருப்பேன். இந்தப் பிள்ளைகளுக்கு இருபது வயதுக்காரன் எவனாவது இலக்கணம் நடத்திக்கொண்டிருப்பான்.

பெயர்களுக்கெல்லாம் அர்த்தம் உண்டா?

இதற்காகத்தான் இந்தப் பக்கமே. ஆங்கிலத்தில் விளையாடுகிறவர்கள் பாதி விருந்தைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்துபோகிறார்கள்.

'கிளேர்-ஒப்ஸ்க்யூர்' என்பது ஓவியத்தில் வெளிச்சத்தையும் இருட்டையும் மோதவிடும் உத்தியின் பெயர். 'லூமியேர்' என்றால் வெளிச்சம். 'கோமாஜ்' என்ற சொல்லைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். 'கோம்' என்றால் அழிரப்பர், பள்ளிக்கூடப் பிள்ளையின் டப்பாவில் கிடப்பது. அதனால் அழிப்பதுதான் கோமாஜ். அழகு நிலையங்களில் முகத்தில் பழைய தோலைத் தேய்த்து எடுப்பதற்கும் இதே பெயர்தான். ஒரு தலைமுறையையே ஒழிக்கும் சாவுக்கு ரப்பர் டப்பாவிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வைத்திருக்கிறார்கள். "சாவு", "அழிவு" என்று பெரிய சொல் வைத்திருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது. பென்சில் கோட்டைத் தேய்ப்பது போல மனிதரைத் தேய்க்கிறாள் ஒருத்தி.

எதிரிகளின் பெயர்களில் வேடிக்கை அதிகம். 'எவேக்' என்றால் ஆயர், பிஷப். மிசியோன் வீதியில் இருக்கும் பேராலயத்துக்குப் போகும் எந்தப் பாட்டிக்கும் தெரிந்த சொல். 'போர்த்தியே' வாயில்காப்போன்; அவன் உருவத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். 'தெமினேர்' கண்ணிவெடி அகற்றுகிறவன். 'சகபத்தாத்' என்று ஒரு முரட்டு மரப் பொம்மை வரும். ஏதோ பழைய அரக்கன் பெயர் என்று பையன்கள் நினைத்திருந்தார்கள். மூன்று சொற்களாகப் பிரித்துச் சொன்னேன்: 'சாக் ஆ பத்தாத்', உருளைக்கிழங்கு மூட்டை. வகுப்பு அதோடு முடிந்தது. அன்றைக்கு யாரும் பாடம் படிக்கவில்லை.

நம் ஆட்களில் 'லூன்' நிலா. 'சியெல்' எழுத்தில் ஓர் எழுத்து கூடியிருந்தாலும் காதுக்கு வானம்தான். அவள் சண்டை போடும் சீட்டுகளில் சூரியனும் நிலவும் இருப்பதைக் கவனியுங்கள். பின்னால் வரும் 'வெர்ஸோ' என்ற பெயருக்குத் தாளின் மறுபக்கம் என்று பொருள். இதற்கு மேல் நான் வாயைத் திறந்தால் கதை உடையும்.

முறை வைத்து அடிப்பது சலிப்பாக இருக்காதா?

கடற்கரைப் பக்கம் பெத்தாங் ஆடுகிறவர்களைப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். இரும்புக் குண்டைக் கையில் உருட்டிக்கொண்டு ஒருவர் ஐந்து நிமிடம் குனிந்து பார்ப்பார். சுற்றி நிற்கிறவர்கள் மூச்சுவிட மாட்டார்கள். அதிலும் ஆளுக்கு ஒன்று என்று வரிசை கிடையாது. யாருடைய குண்டு சின்னக் கட்டைக்குத் தூரமோ அந்த அணிதான் தொடர்ந்து எறிய வேண்டும். இந்த கேமிலும் அப்படித்தான், வரிசையை முடிவு செய்வது வேகம். வேகமான ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு முறைகூட வரும்.

உங்கள் முறையில் நிதானமாக யோசிக்கலாம். சாதாரண அடி அடித்தால் ஒரு செயல்புள்ளி சேரும். திறன்களுக்கு அந்தப் புள்ளிகள் செலவாகும். ஒன்பதுக்கு மேல் சேர்க்க முடியாது. துப்பாக்கி போலக் குறிபார்த்துச் சுடவும் ஒரு குண்டுக்கு ஒரு புள்ளி. இதுவரை பழைய ஜப்பானிய கேம்களின் வழி. எதிரியின் முறை வந்ததும்தான் ஆட்டம் வேறாகிறது. சும்மா உட்கார்ந்து அடி வாங்க வேண்டியதில்லை. அவன் அடிக்கும் நொடியில் நீங்கள் பொத்தானை அழுத்தி விலகலாம், அல்லது தட்டிவிடலாம்.

தட்டிவிடுவது எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

கண்ணை நம்பாதீர்கள். காதை நம்புங்கள்.

முதல் பெரிய சண்டையான எவேக்கிடம் நானும் மூன்று மாலை தோற்றேன். அவன் கையை ஓங்குகிறான், நான் அழுத்துகிறேன், கை அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. நான் அழுத்தி முடித்து விரலை எடுத்த பிறகு இறங்குகிறது. இந்த ஏமாற்று வேலையை இங்கே எல்லா எதிரிகளும் செய்வார்கள். ஓங்குவது ஒரு வேகம், இறங்குவது வேறு வேகம். சிலம்பத்தில் வாத்தியார் கம்பைச் சுழற்றிக்கொண்டே வந்து, வெட்டுவது போல வந்து நிறுத்தி, நாம் தடுப்பைக் கீழே போட்டதும் தட்டுவாரே, அதே வித்தை.

நான்காம் மாலை மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்க்காமல் ஆடினேன். அடி இறங்குவதற்குச் சற்று முன்னால் காற்றைக் கிழிக்கும் ஓர் ஓசை வருகிறது. அந்த ஓசையின் முனையில் அழுத்தினால் 'டங்' என்று உலோகம் மோதும். முதல் டங் கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. அதற்குப் பிறகு அடிகளைத் தாளமாக எண்ணத் தொடங்கினேன்: ஒன்று, இரண்டு, காத்திரு, மூன்று. அன்றைக்கே எவேக் விழுந்தான்.

வரிசையாகச் சில குறிப்புகள். முதலில் விலகுவதை மட்டும் பழகுங்கள். அதற்கு நேரம் சற்றுத் தாராளமாக இருக்கும். விலகும்போது 'பெர்ஃபெக்ட்' என்று திரையில் வந்தால், அந்த நொடியில் தட்டியிருக்கலாம் என்று அர்த்தம். இரண்டு மூன்று முறை தொடர்ந்து அப்படி வந்த பிறகு தட்டுவதற்கு மாறுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு செயல்புள்ளி கிடைக்கும். ஒரு தொடரின் எல்லா அடிகளையும் தட்டிவிட்டால் உங்கள் ஆள் திருப்பி அடிப்பான். அந்த அடி பலமானது.

புளூடூத் ஹெட்போன் வேண்டாம். ஒலி ஒரு கணம் தாமதித்து வரும், இந்த கேமில் அந்த ஒரு கணம்தான் உயிர். டிவியில் ஆடுகிறவர்கள் அதில் கேம் மோட் இருக்கிறதா என்று தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். கடலூர்ப் பையனின் பதினொரு சாவுக்கும் காரணம் அவன் வீட்டு டிவிதான்.

எந்தக் கடினத்தில் தொடங்கலாம்?

மூன்று உண்டு: ஸ்டோரி, எக்ஸ்பெடிஷனர், எக்ஸ்பெர்ட். நடுவில் உள்ளதில் தொடங்குங்கள், பிடிக்காவிட்டால் இடையில் மாற்றிக்கொள்ளலாம். ஸ்டோரியில் வைப்பதில் எந்த அவமானமும் இல்லை. உங்கள் அடிகளின்போது வரும் பொத்தான் அழுத்தத்தைத் தானாக நடக்கும்படி வைக்கவும் அமைப்பில் வசதி இருக்கிறது. கைவிரல் வேகம் குறைந்தவர்களுக்கு உதவும்.

பிக்டோ, லூமினா என்று ஏதோ இருக்கிறதே, தலை சுற்றுகிறது.

சுற்றும். இரண்டு வரியில் சொல்கிறேன். பிக்டோ என்பது தாயத்து. ஓர் ஆள் ஒரு நேரத்தில் மூன்று கட்டிக்கொள்ளலாம். கட்டியபடி நான்கு சண்டை ஜெயித்தால் அதன் சூட்சுமத்தைப் படித்துவிட்டதாகக் கணக்கு. பிறகு தாயத்து இல்லாமலே அந்தப் பலனைக் குழுவில் யார் வேண்டுமானாலும் லூமினா புள்ளி செலவழித்துப் பெறலாம். ஆகவே படித்து முடித்த தாயத்தைக் கழற்றிப் புதியதைக் கட்டுங்கள். பிடித்ததையே கட்டிக்கொண்டு கடைசிவரை போகிறவர்கள்தான் பின்னால் வந்து "எதிரி சாகவே மாட்டேன் என்கிறான்" என்று என்னிடம் அழுகிறார்கள்.

ஒவ்வொருவரும் வெவ்வேறு மாதிரி சண்டை போடுகிறார்களே?

அதுதான் இதன் அழகு. குஸ்தாவுக்கு இயந்திரக் கை. அடிக்க அடிக்க அதில் மின்னேற்றம் சேரும், பத்து நிறைந்ததும் ஒரே அடியில் இறக்கலாம். லூன் மந்திரம் போடும்போது நெருப்பு, பனி என்று கறைகள் சேரும். அவற்றை அடுத்த மந்திரம் தின்று பலம் பெறும். சியெல் எதிரியின் மேல் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே போய் ஒரேயடியாக வசூலிப்பாள், நம் ஊர்ச் சீட்டுப் பிடிப்பவர்கள் போல.

மாயெல் வாள்காரி, அவளுக்கு நிலைகள் உண்டு. தற்காப்பு நிலை, தாக்கும் நிலை, 'விர்த்துவோஸ்' நிலை. கடைசி நிலையில் அவள் அடிக்குச் சேதம் 200 சதவீதம் கூடும். எந்தத் திறனுக்குப் பிறகு எந்த நிலைக்குப் போகிறாள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆடினேன். டியூஷன் நோட்டில் எழுதியதால் ஒரு பையனின் வீட்டுப்பாடத்துக்கு நடுவே "விர்த்துவோஸில் மட்டும் பெரிய வெட்டு" என்ற வரி போய்விட்டது. அவன் அப்பா அதற்கு விளக்கம் கேட்டார்.

வழி தொலைந்துபோகிறது. மேப் எங்கே?

வெளி உலகத்துக்கு உண்டு. உள்ளே நுழைந்த பகுதிகளுக்குக் கிடையாது. எனக்கும் இது குறைதான். எங்கள் புதுச்சேரி வெள்ளை நகரத்தில் எந்த வீதியில் திரும்பினாலும் நீலப் பலகையில் பெயர் இருக்கும், நேர் நேராக வெட்டிக்கொள்ளும் தெருக்கள், எந்தப் பக்கம் காற்று அடிக்கிறதோ அந்தப் பக்கம் கடல். அதில் வளர்ந்தவனுக்கு இந்தக் காடும் குகையும் கஷ்டம். விளக்குகள் தொங்கும் பக்கம் போனால் பெரும்பாலும் அது முதன்மைப் பாதை. ஆகவே முதலில் விளக்கில்லாத பக்கம் போய்ப் பொருள்களைப் பொறுக்கிக்கொண்டு திரும்புங்கள்.

கொடி நட்டிருக்கும் இடத்தில் ஓய்வெடுக்கலாம். மருந்துகள் நிரம்பும், கொன்ற எதிரிகளும் திரும்பி வருவார்கள்.

தமிழ் இருக்கிறதா? ஆங்கிலத்தில் ஆடுவதா, பிரெஞ்சிலா?

தமிழ் இல்லை. 2025 டிசம்பரில் இலவசமாக வந்த புதுப்பிப்பில் மேலும் பல மொழிகளில் எழுத்து சேர்த்தார்கள். தாய் மொழிக்கு இடம் கிடைத்தது, அதாவது தாய்லாந்து மொழிக்கு. நம் தாய்மொழிக்கு இல்லை.

குரல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உண்டு. ஆங்கிலக் குரல்களில் சார்லி காக்ஸ், ஆண்டி செர்கிஸ் போன்ற பெரிய நடிகர்கள் இருக்கிறார்கள், ஜெனிஃபர் இங்கிலீஷ் மாயெலாகவே வாழ்கிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் பிரெஞ்சுக் குரலும் ஆங்கில எழுத்தும் வைத்து ஆடுங்கள் என்பேன். பிரெஞ்சு அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு இது இரட்டை லாபம்.

இதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஊர் வழக்கில் சொல்தா. ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு போர் நினைவிடத்துக்குப் போய் நிற்பார். ஒரு மழை நாளில் நான் பிரெஞ்சுக் குரலில் ஆடிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் தடி தட்டும் சத்தம் கேட்டது. "யாரப்பா அது, வீட்டில் விருந்தாளியா? நல்ல பிரெஞ்சு பேசுகிறார்களே" என்று கேட்டுக்கொண்டே வந்தார். திரையைக் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வளைந்த ஈஃபில் கோபுரத்தைப் பார்த்து, "இதை யார் இப்படிக் கோணலாக்கினார்கள்?" என்று உண்மையிலேயே கோபப்பட்டார். பிறகு மாலை போட்டவர்கள் துறைமுகத்தில் கரையும் காட்சி வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், "திரும்பவும் போடு" என்றார். போட்டேன். படை கிளம்பும்போது சொல்லும் முழக்கம் ஒன்று உண்டு: 'நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக'. அதைக் கேட்டுவிட்டு, ராணுவத்தில் இப்படித்தான் ஏதாவது ஒன்றைச் சொல்லி ஏற்றிவிடுவார்கள் என்றார். மறுநாள் மாலை நான் கூப்பிடாமலே வந்தார். வடை வாங்கிக்கொண்டு வந்தார்.

இசை நன்றாக இருக்கிறது என்கிறார்களே?

லோரியன் தெஸ்தார் என்ற இளைஞர் போட்டது. இதற்கு முன் எந்த கேமுக்கும் இசையமைக்காதவர். இணையத்தில் அவர் ஏற்றியிருந்த இசையைக் கேட்டுத்தான் ப்ரோஷ் அழைத்தார். இசைத்தொகுப்பில் 154 உருப்படிகள், எட்டு மணி நேரம். டியூஷன் இல்லாத நேரத்தில் வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

என் கம்ப்யூட்டரில் ஓடுமா?

குறைந்தபட்சம் 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 போன்ற 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 55 ஜிபி இடம். நிம்மதியாக ஓட வேண்டுமென்றால் 16 ஜிபி ராமும் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ அளவு கார்டும் வேண்டும். சாதாரண ஹார்டு டிஸ்கில் போடாதீர்கள், எஸ்எஸ்டியில் போடுங்கள்.

முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கதையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் 30 மணி நேரம் அளவில். மூலை முடுக்கெல்லாம் நுழைந்தால் இருமடங்கு ஆகும். மூலை முடுக்குகளில்தான் ஊமை நடிகர்கள் ஒளிந்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார்கள், வென்றால் உடை தருவார்கள். கோடு போட்ட சட்டையும் தொப்பியும் முதுகில் நீளமான பாகெட் ரொட்டியுமாக ஓர் உடை இருக்கிறது. உலகம் அழியும் வேளையில் ரொட்டியைச் சுமந்துகொண்டு ஓடும் வீரர்களைப் பார்த்துப் பெரியவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

என் பையனுக்கு 12 வயது. விளையாடலாமா?

வேண்டாம். ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேல், அமெரிக்காவில் 17-க்கு மேல் என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். ரத்தம் ஒரு பக்கம். அதைவிட, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், பிள்ளையை இழந்த துக்கம் என்று கதை கனமான இடங்களுக்குப் போகிறது. என்னிடம் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு மரப் பொம்மைகளின் கிராமத்தை மட்டும் காட்டுவேன்.

அப்படி என்ன விருது வாங்கியது?

2025 டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் உட்பட ஒன்பது விருதுகள். அந்த விழாவில் வேறெந்த கேமும் அத்தனை வாங்கியதில்லை. பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் வாழ்த்தினார். அக்டோபருக்குள் 50 லட்சம் பிரதிகள் விற்றிருந்தன. மறுபக்கமும் சொல்ல வேண்டும்: தயாரிப்பின்போது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களைப் பயன்படுத்தியது தெரிந்ததும், இன்டி கேம் அவார்ட்ஸ் தான் கொடுத்த விருதுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதை ஆடினால் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்கு உதவுமா?

காதுக்கு உதவும். வாய்க்கு ஆபத்து. இந்தப் படைவீரர்கள் அடிக்கடி சொல்லும் 'ப்யூத்தேன்' என்ற கெட்ட வார்த்தையை வாய்மொழித் தேர்வில் உதிர்த்துவிட்டு, "கேமில் வந்தது மதாம்" என்று சொன்ன புண்ணியவான் என் மாணவன்தான்.

கடைசியில் இரண்டு முடிவுகளாமே? எதைத் தேர்வது?

ஆமாம், இரண்டு. இறுதியில் யார் பக்கம் நிற்பது என்று கேட்பார்கள். அந்த இடத்தில் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். பெரியவர் ஒரு பெயரைச் சொன்னார், கொஞ்சமும் தயங்கவில்லை. நான் அவர் சொன்னதை அழுத்தினேன். எழுத்துகள் ஓடி முடிந்ததும் தடியை ஊன்றி எழுந்து, விளக்கைப் போட்டுவிட்டுக் கீழே போனார்.

இரவு பத்து மணிக்குமேல், ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, மற்றதைப் பார்த்தேன். கீழேயிருந்து தடியால் கூரையை இரண்டு முறை தட்டினார்.